வேதியியல் கேள்வி–பதில்: இரண்டு அமிலங்கள், ஒரு எலக்ட்ரான் கணக்கு

இரண்டு அமிலங்களுக்கு இடையே நடக்கும் ஆக்சிஜனேற்ற–ஒடுக்க வினைகளை எப்படிச் சமன்செய்வது என்று கேட்டு வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். சமன்பாடுகளைச் சேர்மங்களின் பெயராலேயே எழுதியுள்ளோம். வாய்பாடுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டே படித்தால் ஒவ்வொரு படியையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அமிலம் காரத்தோடுதான் வினைபுரியும் என்று படித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் அமிலமாக இருந்தால் வினை எப்படி நடக்கும்?

அமில–கார வினையில் கைமாறுவது புரோட்டான். நீங்கள் கேட்கும் வினைகளில் கைமாறுவது எலக்ட்ரான். இரண்டும் வேறு வேறு கணக்கு. எனவே இரண்டு சேர்மங்களும் அமிலமாக இருப்பது இதற்குத் தடையே இல்லை.

ஹைட்ரஜனை ஒதுக்கிவிட்டு மைய அணுவைப் பாருங்கள். நைட்ரிக் அமிலத்தில் நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் (அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாக அல்லது பெற்றதாகக் கணக்கிடுகிறோம் என்பது) +5. அதற்கு மேல் அது ஏற முடியாது. எலக்ட்ரானை வாங்கி இறங்கத்தான் முடியும். ஹைட்ரஜன் சல்பைடில் கந்தகம் −2-இல் இருக்கிறது. அதற்குக் கீழே இடமில்லை. எலக்ட்ரானைக் கொடுக்கத்தான் முடியும். இப்படி உச்சத்தில் நிற்கும் அணுவும் அடியில் நிற்கும் அணுவும் சந்தித்தால் எது ஆக்சிஜனேற்றி (எலக்ட்ரானை வாங்குவது), எது ஒடுக்கி (கொடுப்பது) என்பதில் குழப்பமே வராது.

குழப்பம் வருவது நடுவில் நிற்பவற்றில். சல்பியூரஸ் அமிலத்தில் கந்தகம் +4. ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். எதிரே நைட்ரஸ் அமிலம் இருந்தால் அது ஏறுகிறது:

2 நைட்ரஸ் அமிலம் + 1 சல்பியூரஸ் அமிலம் → 1 சல்பியூரிக் அமிலம் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 1 நீர்

எதிரே ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் அதே சல்பியூரஸ் அமிலம் இறங்குகிறது:

2 ஹைட்ரஜன் சல்பைடு + 1 சல்பியூரஸ் அமிலம் → 3 கந்தகம் + 3 நீர்

ஆகவே "சல்பியூரஸ் அமிலம் ஒரு ஒடுக்கி" என்று மட்டும் மனப்பாடம் செய்துவைத்தால் இரண்டாவது வினையில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: நீர்த்த நைட்ரிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் சல்பைடையும் சமன்செய்ய அரை மணி நேரம் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. படிப்படியாகச் சொல்ல முடியுமா?

எண்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிய எரிதல் வினைகளுக்குச் சரி. எலக்ட்ரான் கைமாறும் இடத்தில் அந்த முறை நேரத்தைத்தான் தின்னும். அரை வினை முறையில், அதாவது எலக்ட்ரான் வாங்கும் பாதியையும் கொடுக்கும் பாதியையும் தனித்தனியே எழுதிக் கூட்டும் முறையில், செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை.

முதலில் விளைபொருள்களை எழுதிவிடுங்கள்: நைட்ரிக் ஆக்சைடு, கந்தகம், நீர். பிறகு, கரைசலில் யார் எந்த வடிவில் இருக்கிறார் என்று பாருங்கள். நைட்ரிக் அமிலம் வலிமையானது. நைட்ரேட் அயனியாகவும் ஹைட்ரஜன் அயனியாகவும் பிரிந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு மிக வலிமை குறைந்த அமிலம். அதை மூலக்கூறாகவே எழுத வேண்டும். அதைச் சல்பைடு அயனியாக எழுதினாலும் கடைசி விடை மாறாதுதான். ஆனால் நடுவில் ஹைட்ரஜன் அயனிகளின் கணக்கு கூடிக் குறைந்து தப்பு செய்ய வைக்கும்.

ஒடுக்க அரை வினையை எடுப்போம். நைட்ரேட் நைட்ரிக் ஆக்சைடாகிறது. நைட்ரஜன் இரு பக்கமும் ஒன்று, சரி. ஆக்சிஜன் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 1. குறையும் 2 ஆக்சிஜனுக்கு வலப்பக்கம் 2 நீர் சேர்க்கிறோம். அதனால் அங்கே 4 ஹைட்ரஜன் வந்துவிட்டது. இடப்பக்கம் 4 ஹைட்ரஜன் அயனி சேர்க்கிறோம். இப்போது மின்சுமை: இடப்பக்கம் −1 + 4 = +3, வலப்பக்கம் 0. இடப்பக்கம் 3 எலக்ட்ரான் சேர்த்தால் சமம்.

நைட்ரேட் + 4 ஹைட்ரஜன் அயனி + 3 எலக்ட்ரான் → நைட்ரிக் ஆக்சைடு + 2 நீர்

இந்த இடத்தில் நின்று ஒரு சோதனை செய்யுங்கள். நைட்ரஜன் +5-இலிருந்து +2-க்கு இறங்கியது, வித்தியாசம் 3. எலக்ட்ரானும் 3. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேலே போக வேண்டாம். நீரிலோ ஹைட்ரஜன் அயனியிலோ பிழை இருக்கிறது.

ஆக்சிஜனேற்ற அரை வினை எளிது:

ஹைட்ரஜன் சல்பைடு → கந்தகம் + 2 ஹைட்ரஜன் அயனி + 2 எலக்ட்ரான்

முதலாவதை 2-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் பெருக்கினால் இரண்டிலும் 6 எலக்ட்ரான். கூட்டும்போது எலக்ட்ரான்கள் அடிபட்டுப்போகும். இடப்பக்கம் 8 ஹைட்ரஜன் அயனி, வலப்பக்கம் 6; கழித்தால் இடப்பக்கம் 2 மிஞ்சும். பெரும்பாலோர் இந்தக் கழித்தலைச் செய்யாமல் இரு பக்கமும் ஹைட்ரஜன் அயனியை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

2 நைட்ரேட் + 2 ஹைட்ரஜன் அயனி + 3 ஹைட்ரஜன் சல்பைடு → 2 நைட்ரிக் ஆக்சைடு + 3 கந்தகம் + 4 நீர்

மிஞ்சிய 2 ஹைட்ரஜன் அயனியும் 2 நைட்ரேட்டும் சேர்ந்தால் அதுவே 2 நைட்ரிக் அமிலம்:

2 நைட்ரிக் அமிலம் + 3 ஹைட்ரஜன் சல்பைடு → 2 நைட்ரிக் ஆக்சைடு + 3 கந்தகம் + 4 நீர்

ஹைட்ரஜன்: 2 + 6 = 8, வலப்பக்கம் 8. ஆக்சிஜன்: 6, வலப்பக்கம் 2 + 4 = 6. முடிந்தது. அமில ஊடகத்தில் சமன்செய்யும்போது ஹைட்ராக்சைடு அயனி எந்தப் படியிலும் தலைகாட்டக் கூடாது. வந்திருந்தால் கார ஊடக முறையை இதில் கலந்துவிட்டீர்கள் என்று பொருள்.

கேள்வி: அதே வினைக்கு ஒரு வழிகாட்டியில் நைட்ரஜன் டை ஆக்சைடும் கந்தகமும் வருகின்றன; இன்னொன்றில் சல்பியூரிக் அமிலமே வருகிறது. குணகங்களும் வேறு. எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம். எந்தச் செறிவுக்கு எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. அடர் நைட்ரிக் அமிலத்தில் நைட்ரஜன் +4 வரைதான் இறங்குகிறது:

2 நைட்ரிக் அமிலம் + 1 ஹைட்ரஜன் சல்பைடு → 2 நைட்ரஜன் டை ஆக்சைடு + 1 கந்தகம் + 2 நீர்

அடர் அமிலம் மிகுதியாகவும் சூடாகவும் இருந்தால் கந்தகம் 0-இல் நிற்காது. +6 வரை ஏறிவிடும். −2-இலிருந்து +6-க்கு 8 எலக்ட்ரான்; ஒவ்வொரு நைட்ரஜனும் வாங்குவது ஒன்று:

8 நைட்ரிக் அமிலம் + 1 ஹைட்ரஜன் சல்பைடு → 1 சல்பியூரிக் அமிலம் + 8 நைட்ரஜன் டை ஆக்சைடு + 4 நீர்

விளைபொருளைச் சமன்பாடு கண்டுபிடித்துத் தராது. அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். சமன்செய்தல் அதற்குப் பிறகு வரும் கணக்கு. கண்ணால் பார்த்து முடிவுசெய்வதிலும் ஒரு பொறி உண்டு. நைட்ரிக் ஆக்சைடு நிறமற்றது. ஆனால் குடுவையின் வாய்க்கு வந்து காற்றைத் தொட்டதும் பழுப்பாகிவிடும். மேலே பழுப்புப் புகையைப் பார்த்துவிட்டு "நைட்ரஜன் டை ஆக்சைடுதான் வினையின் விளைபொருள்" என்று எழுதிவிடாதீர்கள். திரவத்தின் மட்டத்துக்கு அருகே வாயு நிறமற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைவிடச் சிக்கலானது அடர் சல்பியூரிக் அமிலமும் ஹைட்ரஜன் சல்பைடும். கந்தகமும் சல்பர் டை ஆக்சைடும் வரும் என்று மட்டும் கொடுத்தால், அணுக்கணக்குக்கு எண்ணற்ற விடைகள் பொருந்தும். 1-க்கு 1 எடுத்தால் 1 கந்தகம், 1 சல்பர் டை ஆக்சைடு, 2 நீர். 2-க்கு 4 எடுத்தால் 5 கந்தகம், 1 சல்பர் டை ஆக்சைடு, 6 நீர். இரண்டும் சமன்பட்டவையே! காரணம், இங்கே ஒன்றுக்கொன்று சாராத இரு வினைகள் ஒரே வரியில் கலந்திருக்கின்றன: சல்பியூரிக் அமிலம் சல்பர் டை ஆக்சைடு வரை மட்டும் இறங்குவது ஒன்று, அது கந்தகம் வரையே இறங்குவது மற்றொன்று (1 சல்பியூரிக் அமிலம் + 3 ஹைட்ரஜன் சல்பைடு → 4 கந்தகம் + 4 நீர்). எந்தக் கந்தக அணு எங்கிருந்து எங்கே போகிறது என்று முடிவுசெய்த பின்தான் ஒரே விடை கிடைக்கும். "குறைந்த முழு எண்களில்" என்ற நிபந்தனை இதைத் தீர்க்காது. ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உலர்த்த அடர் சல்பியூரிக் அமிலத்தைப் பயன்படுத்தாமல் பாஸ்பரஸ் பென்டாக்சைடைப் பயன்படுத்துவதும் இந்த வினையால்தான்.

கேள்வி: அடர் சல்பியூரிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் புரோமைடு 1-க்கு 2, ஹைட்ரஜன் அயோடைடு 1-க்கு 8. ஹைட்ரஜன் குளோரைடு வினைபுரிவதே இல்லை. ஏன் இந்த வேறுபாடு?

ஹேலைடு அயனி எவ்வளவு எளிதாக எலக்ட்ரானைக் கொடுக்கிறது என்பதே காரணம். திட்ட ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானை வாங்கும் நாட்டத்தைக் காட்டும் எண்) குளோரினுக்கு 1.36 வோல்ட், புரோமினுக்கு ஏறத்தாழ 1.07, அயோடினுக்கு 0.54. எண் குறையக் குறைய, அந்த ஹேலைடு வலிமையான ஒடுக்கி. குளோரைடிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க சல்பியூரிக் அமிலத்தால் முடியாது. புரோமைடிடம் முடிகிறது, கந்தகம் +6-இலிருந்து +4-க்கு, 2 எலக்ட்ரான்:

1 சல்பியூரிக் அமிலம் + 2 ஹைட்ரஜன் புரோமைடு → 1 சல்பர் டை ஆக்சைடு + 1 புரோமின் + 2 நீர்

அயோடைடு இன்னும் தாராளமாகக் கொடுக்கிறது. கந்தகம் −2 வரை இறங்கினால் 8 எலக்ட்ரான்:

1 சல்பியூரிக் அமிலம் + 8 ஹைட்ரஜன் அயோடைடு → 1 ஹைட்ரஜன் சல்பைடு + 4 அயோடின் + 4 நீர்

உண்மையில் சோதனைக் குழாயில் இது மட்டும் நடப்பதில்லை. சல்பர் டை ஆக்சைடும், மஞ்சள் கந்தகமும் (1-க்கு 6 விகிதம், 3 அயோடின், 4 நீர்), அழுகிய முட்டை வாசமும் சேர்ந்தே வரும். தேர்வில் எந்த விளைபொருள் கேட்கப்பட்டிருக்கிறதோ அதற்குத் தனித்தனியாகச் சமன்செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் திணிக்க வேண்டாம். முந்தைய பதிலில் பார்த்த அதே எண்ணற்ற விடைச் சிக்கல் வந்துவிடும்.

மின்னழுத்த அட்டவணையைக் கூர்ந்து பார்க்கிற மாணவருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். சல்பேட்–சல்பர் டை ஆக்சைடு இணைக்கு 0.17 வோல்ட்தான். அப்படியானால் 0.54 வோல்ட் உள்ள அயோடினைக்கூட அது வெளியேற்றக் கூடாதே? நல்ல சந்தேகம். அட்டவணை எண்கள் திட்ட நிலைக்கு உரியவை, அதாவது ஏறத்தாழ லிட்டருக்கு 1 மோல் செறிவு. நீர்த்த கரைசலில் வினை உண்மையிலேயே எதிர்த்திசையில்தான் போகிறது:

1 சல்பியூரஸ் அமிலம் + 1 அயோடின் + 1 நீர் → 1 சல்பியூரிக் அமிலம் + 2 ஹைட்ரஜன் அயோடைடு

அடர் அமிலத்தில் நீர் மிகக் குறைவு, அமிலத்தன்மை மிக அதிகம், உண்டாகும் வாயுவும் வெளியேறிவிடுகிறது. அதனால் திசை திரும்புகிறது. சமன்பாட்டில் "அடர்" என்ற சொல்லை விட்டுவிட்டால் எழுதிய வினையே தவறாகிவிடும்.

செய்முறையில் இதன் பயன்: சோடியம் அயோடைடிலிருந்து ஹைட்ரஜன் அயோடைடு தயாரிக்கச் சல்பியூரிக் அமிலம் உதவாது, ஊதா ஆவிதான் மிஞ்சும். ஆக்சிஜனேற்றும் இயல்பு இல்லாத அடர் பாஸ்பாரிக் அமிலத்தை எடுக்க வேண்டும்.

கேள்வி: இராச திராவகத்தில் (அடர் நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) 3 ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலவாகிறது. ஆனால் குளோரின் வாயு ஒரு மூலக்கூறுதான். மூன்றாவது குளோரின் என்ன ஆனது?

1 நைட்ரிக் அமிலம் + 3 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 1 நைட்ரோசில் குளோரைடு + 1 குளோரின் + 2 நீர்

நைட்ரோசில் குளோரைடில் குளோரின் −1, ஆக்சிஜன் −2. எனவே நைட்ரஜன் +3. அதாவது நைட்ரஜன் வாங்கியது 2 எலக்ட்ரான். அதைக் கொடுக்க 2 குளோரைடு போதும். அவை குளோரின் வாயுவாயின. மூன்றாவது குளோரைடு எலக்ட்ரான் கணக்கில் சேராமல் −1 ஆகவே நைட்ரோசில் குளோரைடுக்குள் போய்விட்டது. ஆக்சிஜனேற்ற எண் முறையில் செய்கிறவர்கள் இங்கே தடுமாறுவது இதனால்தான். எலக்ட்ரான் கணக்கில் 2 என்று வந்ததும் 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் எலக்ட்ரானுக்கு வேண்டிய 2, பிறகு விளைபொருளில் மாறாமல் நிற்கும் 1 என்று இரண்டு தவணையாக எண்ணுங்கள்.

தங்கம் கரையும் வினையிலும் இதே நிலைதான். அங்கே எந்தக் குளோரைடும் எலக்ட்ரான் கொடுப்பதாகக் கணக்கில் வருவதில்லை. நான்கும் தங்கத்தைச் சூழ்ந்து அணைவு அயனியாகின்றன:

1 தங்கம் + 1 நைட்ரிக் அமிலம் + 4 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 1 குளோரோஆரிக் அமிலம் + 1 நைட்ரிக் ஆக்சைடு + 2 நீர்

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். "3-க்கு 1" என்று செய்முறையில் சொல்வது கன அளவு. சமன்பாட்டின் 3-க்கு 1 மோல் விகிதம். கடையில் கிடைக்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் லிட்டருக்கு ஏறத்தாழ 12 மோல். அடர் நைட்ரிக் அமிலம் ஏறத்தாழ 16 மோல். 3 பங்குக்கு 1 பங்கு கலந்தால் மோல் விகிதம் 36-க்கு 16, அதாவது 2.25-க்கு 1. நைட்ரிக் அமிலம் சற்று மிகுதியாகத்தான் இருக்கிறது. சமன்பாட்டின் விகிதம் அப்படியே வேண்டுமானால் கன அளவில் 4-க்கு 1 எடுக்க வேண்டும். கலவையை மூடி வைக்கவே கூடாது. வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். புகை வெளியேற்றும் அறையில், தேவைக்கு மட்டும், அப்போதைக்கப்போது கலக்க வேண்டும்.

கேள்வி: ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டால் தரம் பார்க்கும்போது (பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு அளவு காணும்போது) சில சமயம் குடுவையில் பழுப்பு வண்டல் வருகிறது. சமன்பாட்டில் அப்படி ஒன்று இல்லையே?

அமிலம் போதவில்லை, அல்லது பெர்மாங்கனேட்டை வேகமாக விட்டுவிட்டீர்கள். பழுப்பாக வருவது மாங்கனீசு டை ஆக்சைடு. நீங்கள் எதிர்பார்க்கும் அரை வினை:

பெர்மாங்கனேட் + 8 ஹைட்ரஜன் அயனி + 5 எலக்ட்ரான் → மாங்கனீசு(+2) அயனி + 4 நீர்

அமிலம் குறைந்தால் 4 ஹைட்ரஜன் அயனியும் 3 எலக்ட்ரானும் மட்டும் வாங்கி மாங்கனீசு +4-இலேயே நின்றுவிடுகிறது. ஆக்சாலிக் அமிலம் தரப்பில் 2 எலக்ட்ரான், 2 ஹைட்ரஜன் அயனி, 2 கார்பன் டை ஆக்சைடு. 2-ஆலும் 5-ஆலும் பெருக்கிக் கூட்டினால்:

2 பெர்மாங்கனேட் + 5 ஆக்சாலிக் அமிலம் + 6 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனீசு(+2) அயனி + 10 கார்பன் டை ஆக்சைடு + 8 நீர்

மின்சுமை: −2 + 6 = +4, வலப்பக்கமும் +4. ஆக்சாலிக் அமிலமே ஓர் அமிலம் என்றாலும், அது தரும் 10 ஹைட்ரஜன் அயனி போதவில்லை. 6 வெளியிலிருந்து வர வேண்டும். 25 மி.லி. 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலத்தில் 1.25 மில்லிமோல்; அதற்குப் பெர்மாங்கனேட் 0.5 மில்லிமோல், அதாவது 0.02 மோலார் கரைசல் 25 மி.லி. கணக்குப்படி வேண்டிய ஹைட்ரஜன் அயனி 1.5 மில்லிமோல்தான். ஆனாலும் 1 மோலார் சல்பியூரிக் அமிலம் 20 மி.லி. சேர்ப்பது நல்லது. வினை முழுக்க +2 வரை போக, கரைசலில் அமிலத்தன்மை கடைசித் துளி வரை உயர்வாக இருக்க வேண்டும்.

அமிலத்தை மாற்றினால் விடை கெடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டால் பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதி குளோரைடை ஆக்சிஜனேற்றுவதில் வீணாகி, பியூரெட் அளவு கூடும். நைட்ரிக் அமிலம் போட்டால் அதுவே ஆக்சாலிக் அமிலத்தைத் தாக்கக்கூடும், அளவு குறையும். 60–70 டிகிரி செல்சியசில் வைத்துச் செய்யுங்கள். முதல் துளியின் நிறம் மெதுவாகத்தான் மறையும். மாங்கனீசு(+2) அயனி கொஞ்சம் சேர்ந்ததும் அதுவே வினையூக்கியாகி வேகம் பிடிக்கும். முதல் துளி மறையும் முன் அடுத்ததை விடுவதுதான் பழுப்பு வண்டலுக்கு வழக்கமான காரணம்.

எடை போடும்போது படிக நீரை மறக்க வேண்டாம். ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் மோலார் நிறை 126; 250 மி.லி. 0.05 மோலார் கரைசலுக்கு 1.575 கிராம் வேண்டும். 90 என்று எடுத்துக் கணக்கிட்டால் 1.125 கிராம்தான் போடுவீர்கள்; கரைசல் 0.036 மோலார் அளவிலேயே நிற்கும்.

கேள்வி: ஒரே தனிமம் இரு பக்கமும் இருந்தால் அரை வினைகளை எப்படிப் பிரிப்பது? உதாரணம்: அயோடிக் அமிலமும் ஹைட்ரஜன் அயோடைடும்.

தனிமம் ஒன்றானாலும் அணுக்கள் வேறு. +5 அயோடின் இறங்குகிறது, −1 அயோடின் ஏறுகிறது. இரண்டும் 0-இல் சந்திக்கின்றன. ஒன்று 5 எலக்ட்ரான் வாங்க, ஐந்து ஆளுக்கு ஒன்று கொடுக்கின்றன:

1 அயோடிக் அமிலம் + 5 ஹைட்ரஜன் அயோடைடு → 3 அயோடின் + 3 நீர்

ஒரே அமிலம் தானாகவே பிரிவதும் உண்டு. நைட்ரஸ் அமிலத்தில் ஒன்று +5-க்கு ஏற, இரண்டு +2-க்கு இறங்கும்: 3 நைட்ரஸ் அமிலம் → 1 நைட்ரிக் அமிலம் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 1 நீர். இங்கே அதே சேர்மத்தை இரு அரை வினைகளிலும் இடப்பக்கம் எழுதிவிட்டுக் கடைசியில் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபார்மிக் அமிலம் + அடர் சல்பியூரிக் அமிலம், நைட்ரிக் அமிலம் + அடர் சல்பியூரிக் அமிலம். இவற்றுக்கு எலக்ட்ரான் எண்ணிக்கையே வரவில்லை. எங்கே தவறு?

தவறு எதுவும் இல்லை; இவை இரண்டும் எலக்ட்ரான் கைமாறும் வினைகளே அல்ல. ஃபார்மிக் அமிலத்தில் கார்பன் +2, வெளிவரும் கார்பன் மோனாக்சைடிலும் +2. சல்பியூரிக் அமிலம் ஒரு நீர் மூலக்கூறைப் பிரித்தெடுக்கிறது, அவ்வளவே. இரண்டாவதான நைட்ரோ ஏற்றக் கலவையில் நைட்ரிக் அமிலம் காரமாக நடந்துகொள்கிறது: 1 நைட்ரிக் அமிலம் + 2 சல்பியூரிக் அமிலம் → நைட்ரோனியம் அயனி + ஹைட்ரோனியம் அயனி + 2 பைசல்பேட் அயனி. நைட்ரஜன் தொடக்கத்திலும் முடிவிலும் +5.

ஆக்சாலிக் அமிலத்தோடு அடர் சல்பியூரிக் அமிலம் சேர்ந்தால் மட்டும் கவனமாக இருங்கள். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, நீர் என மூன்றும் 1-க்கு 1-க்கு 1 வரும். ஆக்சாலிக் அமிலத்தின் இரண்டு கார்பன்களும் +3. ஒன்று +2-க்கு இறங்க, மற்றது +4-க்கு ஏறுகிறது. ஆக, இது எலக்ட்ரான் கைமாறும் வினைதான். ஆனால் ஆக்சிஜனேற்றி சல்பியூரிக் அமிலம் அல்ல. அதன் கந்தகம் +6-இலேயே இருக்கிறது.